‘கிருமி இல்லை’ என்று வந்த தாளும் அம்மாவின் முழங்காலும்

மதுரையில் செயற்கை மூட்டு பொருத்திக்கொண்ட அம்மாவின் வலது முழங்கால் வீங்கிச் சூடேறியபோது, எங்கள் ஊரான மண்டபத்துக்கு அருகிலேயே ஒரு கிளினிக்கில் காட்டினோம். மூட்டு நீரை எடுத்துப் பார்க்காமலேயே ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். அதனால் வந்த வினை, மாத்திரை உடம்பில் இருக்கும்போது, கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் அது வளராமல் போகலாம் என்று சொல்லி, இரண்டு வாரம் அதை நிறுத்திவிட்டு வரும்படி மதுரை எலும்பு மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். காலை நீட்ட இடமில்லாத பாசஞ்சர் ரயிலில் வந்த அம்மாவை அப்படியே திரும்ப அழைத்துப்போக வேண்டியதாயிற்று. குளிர்காய்ச்சல் போன்ற அவசர நிலை இல்லையென்றால், நீர் எடுப்பதற்கு முன் மாத்திரை தொடங்க வேண்டுமா என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

மறுமுறை நீர் எடுத்தது சில நிமிட வேலைதான். லேப் கவுன்ட்டரில்தான் மாட்டிக்கொண்டோம். பில் போடுபவர் திரையை மேலும் கீழும் உருட்டிவிட்டு, “மூட்டு நீர்னு இதுல ஒண்ணும் இல்லையே சார், யூரின்னு போட்டுடவா?” என்று கேட்டார். அணுக்களை எண்ணுவதற்காக ஊதா மூடிக் குழாயில் எடுத்த நீர் அதுவரை என் கையிலேயே இருந்தது. ஜூனியர் டாக்டரைக் கீழே வரவழைத்து, ‘வலது முழங்கால் மூட்டு நீர்’ என்று என் கண்ணெதிரே எழுத வைத்த பிறகே அங்கிருந்து நகர்ந்தேன்.

கல்ச்சரோடு, கிருமியின் மரபணுவைத் தேடும் விரைவுச் சோதனை ஒன்றும் செய்தார்கள். அது உண்மையிலேயே வியப்புக்குரியதுதான். சில சொட்டு நீரை உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பையில் செலுத்தினால், கிருமியை உடைப்பது, மரபணுவைப் பிரிப்பது, பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் அதைப் பெருக்குவது எல்லாம் அதற்குள்ளேயே நடந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு வந்துவிடுகிறது. எங்களுக்கு வந்த முடிவு, எந்தக் கிருமியும் இல்லை என்பது. தாளைக் கொடுத்தவர், “ஒண்ணுமில்லம்மா, ஊருக்குக் கிளம்பலாம்” என்றதும் அம்மா பெஞ்சுக்கடியில் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

நல்லவேளையாக மருத்துவர் அந்தத் தாளை மட்டும் நம்பவில்லை. நீரில் வெள்ளணுக்கள் செயற்கை மூட்டில் தொற்றைச் சந்தேகிக்க வைக்கும் மைக்ரோ லிட்டருக்கு 3000 என்ற வரம்பைத் தாண்டியிருந்தன. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற புரதமும் இரத்தத்தில் ஏறியிருந்தது. அந்தப் பை தன் பட்டியலில் உள்ள கிருமிகளை மட்டுமே கண்டுபிடிக்கும் என்றும், தோலில் குடியிருந்து செயற்கை மூட்டைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸும் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றும் அவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதை முடிவுத்தாளில் தமிழில் ஒரு வரி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே விரைவுச் சோதனை செய்தாலும் கல்ச்சரை விட்டுவிடாதீர்கள். மெதுவாக வளரும் கிருமிகளும் உண்டு என்பதால், சில நாளிலேயே முடித்துவிடாமல் 14 நாள் வைத்துப் பார்க்கும்படி சீட்டில் எழுதி வாங்குங்கள். எங்கள் மருத்துவர் அதைச் சிவப்பு மையில் எழுதினார். அனுப்பிய இரண்டு மாதிரிகளிலும் எபிடெர்மிடிஸ் வளர்ந்தது.

பழைய மூட்டைக் கழற்றி, அந்த இடத்தில் தற்காலிகமாக ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் அச்சை இப்போது வைத்திருக்கிறார்கள். புதிய மூட்டு அடுத்த அறுவையில் வரும். கழற்றுவதற்கு முன் பழைய மூட்டின் கம்பெனி, அளவு எல்லாம் கேட்பார்கள். முதல் அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரியோடு பொருத்திய மூட்டின் விவரம் உள்ள இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய தாளையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது ரேஷன் கார்டு உறைக்குள் கிடைத்தது.