ஆடி 18-க்குள்

ஜூன் 29

உடம்பு முடியாத அம்மாவை ஆடி 18-க்குள் தோட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், கட்டில் வைத்த டிரெய்லரைப் பின்னால் இழுத்துக்கொண்டு. அதற்காக எடை மேடைக்குப் போய் வந்தேன். வண்டி மட்டும்: முன் அச்சு 1,080 கிலோ, பின் அச்சு 890. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு, கழித்தால் பின் அச்சு. மேடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். அம்மாவுக்காக என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார்.

டிரெய்லர் தண்ணீர் இல்லாமல் 1,980. கட்டிக் கொடுத்தவர் சொன்னதைவிட நிறையவே கூடுதல். கட்டில், அலமாரி, இரண்டு இன்வர்ட்டர் பேட்டரி எல்லாம் அவர் கணக்கில் இல்லை போலிருக்கிறது.

ஜூலை 1

தேங்காய் மண்டியில் 300 கிலோ தராசு இரவல். டிரெய்லர் மூக்கு ஜாக்கியை அதன் மேல் நிறுத்தினோம். 220. மொத்தத்தில் 11 சதவீதம். 10-லிருந்து 15-க்குள் இருக்க வேண்டும், இருக்கிறது. ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

ஜூலை 2

அம்மா இரண்டு வாய் கஞ்சியோடு சரி.

ஜூலை 4

தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு மறுபடி மூக்கை நிறுத்தினோம். 170.

200 லிட்டர் ஏற்றினால் எடை குறைகிறது! தொட்டியை அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் வைத்திருக்கிறார்கள். டிரெய்லர் மூக்கு வண்டியோடு சேரும் பந்திலிருந்து அச்சு 4 மீட்டர். 200 கிலோ பின்னால் அழுத்த, முன்னால் 50 கிலோ தூக்கிவிடுகிறது. 2,180 கிலோவில் 170 என்றால் 8 சதவீதம் கூட இல்லை. இப்படிப் பின்னால் கனத்த டிரெய்லர்தான் வேகத்தில் வாலாட்ட ஆரம்பிக்கும். ஒரு தடவை ஆடினால் அடுத்தது அதைவிடப் பெரிதாக ஆடும், இழுக்கிற வண்டியையும் சேர்த்துத் திருப்பிவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "என்ன கண்ணு, பின்பாரமா?"

ஆமாம்மா என்றேன்.

"பின்பாரம்னா நுகத்தடி மேல தூக்கும், மாட்டுக்குக் கழுத்து நெரியும். உங்கப்பா பருத்தி மூட்டை ஏத்துனா ஒரு மூட்டைய முன்னால தள்ளி வெச்சுட்டு நுகத்தத் தூக்கிப் பாப்பாங்க. ரொம்ப முன்பாரமும் ஆகாது, மாடு படுத்துரும்."

இந்த வாரத்தில் அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு இதுதான். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 5

தொட்டியை அச்சுக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லியாகிவிட்டது. பட்டறையில் ஒரு வாரம் கேட்கிறார்கள்.

ஜூலை 9

மூச்சு வாங்குகிறது. ராத்திரி முழுக்க மெஷின் சத்தம்.

ஜூலை 11

தொட்டி மாறிவிட்டது. நிரப்பிய பிறகு மூக்கில் 240. 11 சதவீதம்.

டிரெய்லரை வண்டியில் கோத்து மேடைக்குக் கொண்டுபோனேன். முன் அச்சு 990. பின் அச்சு 1,220. டிரெய்லர் அச்சுகள் 1,940.

முன்னால் 90 கிலோ காணாமல் போயிருக்கிறது. பந்து பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. பந்தில் 240 அழுத்தினால் பின் அச்சில் 240 மட்டும் ஏறுவதில்லை, முன்னாலிருந்தும் பிடுங்கிக்கொண்டு 330 ஏறுகிறது. ஸ்டியரிங் திருப்புவதும் பாதிக்கு மேல் பிரேக் பிடிப்பதும் முன் சக்கரம். அந்தச் சக்கரம் லேசாகிவிட்ட வண்டியில் அம்மாவை உட்கார வைப்பதா?

மேடையிலிருந்து வரும்போது ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஜூலை 14

பட்டறைக்காரர் பின் கமான் பட்டைக்கு மேல் காற்றுப் பை வைத்தார். பம்ப் அடித்ததும் வண்டி நிமிர்ந்தது. "பாருங்க தம்பி, லெவலா நிக்குது" என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஹெட்லைட்டும் வானத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தது.

நேராக மேடைக்குப் போனேன். முன் அச்சு 990. அதே 990.

பின்னால் முட்டுக் கொடுத்து உயர்த்தினால் உயரம்தான் கிடைக்கும், முன் சக்கரத்துக்குப் பாரம் வராது. பின் அச்சில் இருக்கிற 1,220-உம் அங்கேயேதான் இருக்கிறது. பட்டையை ஒன்று கூட்டினாலும் இதே கதைதான். இதை அவருக்கு எத்தனை தடவை சொன்னாலும் "லெவலா நிக்குதுங்களே" என்கிறார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை.

கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருக்கிறது.

அக்கா போன் செய்தாள். அம்மாவை டிரெய்லர் கட்டிலிலேயே படுக்க வைத்துக் கூட்டிப்போகலாமே என்றாள். முடியாது. ஓடுகிற டிரெய்லருக்குள் ஆள் இருக்கவே கூடாது. பெல்ட் கிடையாது, குலுக்கல் வேறு, உள்ளே ஒன்று ஆனால் முன்னால் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அம்மா முன் சீட்டில், சாய்த்துப் போட்டு, பெல்ட்டோடு. கட்டில் தோட்டத்தில் இறங்கிய பிறகுதான். அக்கா அழுதாள். நான் குரலை உயர்த்தவில்லை.

தோட்டத்து வீடு இடிந்தால் இடிந்துவிட்டுப் போகட்டும். களம் இருக்கிறது, வேம்பு இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ஆடி 18-க்குள் அங்கே இருக்க வேண்டும் என்கிறாள் அம்மா.

ஜூலை 20

வந்துவிட்டது! ஸ்பிரிங் கம்பி வைத்த ஹிட்ச். பந்துக்கடியிலிருந்து இரண்டு கம்பிகள் டிரெய்லர் சட்டத்துக்குப் போகின்றன. சங்கிலியில் இழுத்துக் கட்டும்போது கம்பி வளைந்து, வண்டியின் பின்பக்கத்தை நெம்பி, பாரத்தை முன் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் தள்ளிவிடுகிறது. காற்றுப் பையில் காற்றைக் குறைத்துவிட்டுக் கட்டினோம். பை தூக்கிப் பிடித்தால் கம்பிக்கு வேலை இல்லை.

முன் 1,050. பின் 1,120. டிரெய்லர் 1,980. கூட்டினால் அதே 4,150. எதுவும் குறையவில்லை, போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது.

போன 90-இல் 60 திரும்பிவிட்டது. பட்டறைக்காரர் இன்னும் ஒரு கண்ணி இழுக்கலாமா என்றார். வேண்டாங்கண்ணா என்றேன். ரொம்ப இழுத்தால் பின் சக்கரம் லேசாகி, ஈர ரோட்டில் வழுக்கும்.

அம்மாவிடம் சீட்டைக் காட்டினேன். கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, "செரி, செரி" என்றாள்.

ஜூலை 23

டாக்டர் பயணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகலாம் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 27

அம்மா இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். பல்லடம் வழியாகக் காங்கயம் வரை காற்று முதுகில். ஒன்றும் தெரியவில்லை. காங்கயத்தில் தாராபுரம் ரோட்டில் தெற்கே திரும்பியதும் வலது கன்னத்தில் அறைகிறது. காற்றாலை எல்லாம் மேற்கே பார்த்துச் சுற்றுகின்றன. டிரெய்லரின் பக்கவாட்டுச் சுவர் முழுக்கக் காற்றுக்கு இலக்கு.

பஸ் ஒன்று முந்தியது. முதலில் வெளியே தள்ளி, அப்புறம் உள்ளே இழுத்தது. ஒரே ஒரு ஆட்டம். காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் லேசாகக் கொடுத்தேன். அடங்கிவிட்டது. அந்த நேரத்தில் கால் பிரேக்கை மிதித்தால் பின்னால் வருவது முன்னால் இருப்பதைத் தள்ளும். அந்தப் பழக்கம் காலுக்கு வர வேண்டும் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

முடிவு: 60-க்கு மேல் இல்லை. விடியற்காலையில் கிளம்புவது, காற்று எழும் முன்.

ஜூலை 30

தோட்டத்துக்குப் போகிற இட்டேரியை அளந்துவிட்டு வந்தேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலியை ஓரடி வெட்டச் சொல்லியிருக்கிறேன். வாய்க்கால் பள்ளத்தில் வண்டி ஏறி டிரெய்லர் இறங்கும் இடத்தில் கம்பிக்கு நெருக்கடி அதிகம், சட்டமே வளைந்துவிடும். பள்ளத்துக்கு முன்னால் நிறுத்திக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

சாமான் எல்லாவற்றையும் நிறுத்துக்கொண்டிருக்கிறோம். அரிசி மூட்டை அச்சுக்கு நேராக. அம்மாவின் இரும்புப் பெட்டி 31 கிலோ. பின்னால் வைக்கலாம் என்றாள் மனைவி. கூடாது என்றேன். அதற்கொரு சண்டை. கடைசியில் முன் அலமாரிக்கடியில்.

ஆகஸ்ட் 1

காய்ச்சல் இல்லை. மெஷினை முன் சீட்டுக்குக் கீழே கட்டிவிட்டேன். மேடைச் சீட்டு கடைசியாக: முன் 1,050, சாமானோடும் அதே அளவு. அக்கா நேராகத் தோட்டத்துக்கு வந்துவிடுகிறாள்.

"எப்பக் கண்ணு?" என்று அம்மா மாலையில் கேட்டாள், எட்டு மணிக்கு மறுபடி கேட்டாள்.

ஆகஸ்ட் 2

3.40. டிரெய்லர் வலது பின் டயரில் காற்று நேற்றைவிடக் கம்மி. வால்வா, ஆணியா பார்க்க