ஒடிசனில் இரண்டாம் முறை: தக தக தக தகிட

போன ஞாயிறு பெறுபேறு வந்தது. கண்டியில் நாங்கள் ஞாயிறுதோறும் கூடி வாசிக்கிற விண்ட் பேண்டில் (ஊதுகருவிக் குழுவில்) முதல் கிளாரினெட் வரிசைக்கு என்னை எடுத்துவிட்டார்கள். போன வருடம் இதே ஒடிசனில், அதாவது ஆள் எடுக்கும் தேர்வில், தோற்றுவிட்டு, ஹட்டன் பஸ்ஸில் கினிகத்தேனை வரை யாரோடும் பேசாமல் வந்தேன். அடுத்த சுற்றுக்கு வரப் போகிறவர்களுக்காக, எல்லாம் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஸ்கேல் (சுர வரிசை), ஸைட் ரீடிங் (புதுத் தாளைப் பார்த்தவுடன் வாசிப்பது) பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதில் யாரும் விழுவதில்லை. விழுவது முன்கூட்டியே கொடுக்கிற பகுதிகளில்தான். இந்த முறையும் ஃபிராங்க் டிக்கெலியின் 'வெசூவியஸ்' வந்தது. 1999இல் எழுதிய இசை. பொம்பேயின் கடைசி நாட்களில் நடக்கும் ஒரு வெறியாட்டத்தை மனதில் வைத்து எழுதியது. தாளைப் பார்த்ததும் எல்லோரும் வேகத்துக்குப் பயப்படுகிறார்கள். வேகம் பழகினால் வந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது அந்த 9/8, அதாவது ஒரு பாருக்கு (தாள வட்டத்துக்கு) ஒன்பது எண்ணிக்கை. வழக்கமான மூன்று மூன்றாக வராது; 2+2+2+3 என்று வரும்.

போன வருடம் நான் செய்த தவறு ஒன்றே ஒன்று: காலைத் தட்டினேன். இரண்டு இரண்டாகத் தட்டிப் பழகிய கால் ஒன்பதாவது எண்ணிலும் இறங்கியது. அடுத்த பார் தொடங்கும்போது கால் மேலே நின்றது, விரல் மட்டும் முதல் அடியில் இருந்தது. நான்காவது பாரில் நின்றுவிட்டேன். "நன்றி" என்றார்கள், அவ்வளவுதான். வீட்டில் எத்தனை மாதம் வாசித்திருந்தேன் என்று அந்த அறையில் யாருக்குத் தெரியும்?

எனக்கு வழி கிடைத்தது தோட்டத்து லயத்தின் (வரிசை வீடுகளின்) மெல்லிய சுவரால். வேலை முடிந்து வந்து கிளாரினெட்டை எடுக்கும்போது இரவு ஒன்பது தாண்டிவிடும். பக்கத்துக் காம்பரா அக்கா விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) போக வேண்டியவர். அந்த நேரத்தில் ஊத முடியுமா? ஊதாமல் விரலை மட்டும் வைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த சித்தப்பாதான் சொன்னார். காமன் கூத்துக்குத் தப்பு என்ற பறையை அடிக்கிறவர் அவர். "ஒண்ணு ரெண்டுன்னு எண்ணாதடா. சொல்லாச் சொல்லு. மொதல்ல வாயில வரணும், அப்புறந்தான் கையில வரும்."

சாதாரண தரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதம் எடுத்தவன் நான். இரண்டுக்கு தக, மூன்றுக்கு தகிட, நான்குக்கு தகதிமி என்று எல்லாம் தெரியும். அந்தச் சொற்கட்டை ஒரு மேற்கத்தியத் தாளுக்குப் பொருத்திப் பார்க்கவே தோன்றாதது இன்னும் வருத்தமாக இருக்கிறது. தக தக தக தகிட. ஒன்பதும் அதற்குள் இருக்கிறது. மூன்று வாரம் கிளாரினெட்டைத் தொடாமல் இதையே சொன்னேன். கொழுந்து மலைக்குக் குறுக்கே இறங்குகிற படியிலும் சொன்னேன், பஸ்ஸிலும் சொன்னேன். நான்காவது வாரம் ஊதியபோது தாளம் தானாக வந்து நின்றது.

ஒடிசனுக்குக் கொடுத்த இரண்டாவது பகுதி, பெர்சி கிரெய்ஞ்சர் எழுதிய 'லிங்கன்ஷயர் போஸி'யின் மூன்றாம் பகுதி. 1937இல் மில்வாக்கியில் முதன்முதலாக வாசித்தபோதே ஆறு பகுதிகளையும் வாசித்து முடிக்க முடியாமல் போன இசை இது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 4/8 போய் 5/8 வந்து நிற்கும். போதாததற்கு நீங்கள் ஊதும் மெட்டையே இன்னொருவர் கொஞ்சம் தாமதித்து உங்கள் பின்னாலேயே ஊதிக்கொண்டு வருவார். அவர் பக்கம் காது போனால் முடிந்தது. இங்கேயும் சொற்கட்டுதான்: தகதிமி, தகதகிட. உதடு அசையக் கூடாது, உள்ளே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மற்றவை:

காலைத் தட்டவே தட்டாதீர்கள். பழக்கம் விடாவிட்டால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பெருவிரலை மட்டும் அசையுங்கள்.

'வெசூவியஸ்' தாளில் ஒவ்வொரு 9/8 பாருக்கும் மேலே பென்சிலால் 2 2 2 3 என்று எழுதுங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

முதல் இரண்டு வாரம் ரெக்கார்டிங் கேட்காதீர்கள். கேட்டால் மெட்டு மனதில் பதியும், எண்ணிக்கை பதியாது.

மெட்ரொனோமை (தாளம் தட்டும் கருவியை) பாருக்கு ஒரு அடி மட்டும் அடிக்க வையுங்கள். நடுவில் நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஹட்டன், நுவரெலியா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்பே கண்டிக்கு வந்து பெட்டியைத் திறந்து வையுங்கள். குளிரில் சுருதி இறங்கும், கண்டிச் சூட்டில் ஏறும். மலையில் நன்றாகப் பேசிய ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) கீழே வேறு மாதிரிப் பேசும். மூன்று ரீட் கொண்டுவாருங்கள், மூன்றும் ஊதிப் பழகியதாக இருக்கட்டும்.

கூட்டமாக உட்கார்ந்து பழகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. பக்கத்தில் ஊதுகிறவர் சரியாக எண்ணினால் நான் எண்ணுவதை விட்டுவிடுகிறேன். ஒடிசன் அறையில் அவர் இருக்க மாட்டார். தாளம் பிடிபடும் வரை தனியாகவே இருங்கள்.

என் பிரதியில் பென்சில் குறிகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஞாயிறு ஒத்திகைக்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுவேன், வேண்டியவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.