வாக்கரில் கட்டிய மஞ்சப்பை

அம்மாவுக்கு 74 வயது. மேற்கு மாம்பலத்தில் முதல் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. ஐப்பசி மழையில் பால்கனி ஈரத்தில் வழுக்கி விழுந்தார். வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிவு. மறுநாளே ஆபரேஷன், இடுப்புக் குழியில் உட்காரும் தொடை எலும்பின் பந்து போன்ற தலையை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து பொருத்தினார்கள். அடுத்த நாள் காலையிலேயே வாக்கரைப் பிடித்து நிற்கவும் வைத்தார்கள். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரமம். டிஸ்சார்ஜ் அன்று பயிற்சித் தாளை என் கையில் கொடுத்தார்கள். அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் அதே தப்பைத்தான் செய்தேன். குனியாதே, கால் மேல் கால் போடாதே, தரையில் உட்காராதே என்று நாள் முழுக்க அதட்டல். பிசியோ வரும் நேரம் பார்த்து அம்மா கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்றாம் வாரம் வேறொரு பிசியோ வந்தார். சின்னப் பெண். காலைத் தொடும் முன்பே, "கால் சரியானதும் முதல்ல எங்கம்மா போகணும்?" என்று கேட்டார்.

அம்மா யோசித்துச் சொன்னார்: "கீழே கீரைக்காரம்மாகிட்ட. நானே பார்த்து வாங்கணும்."

மொத்தம் 18 படி. அன்றிலிருந்து பயிற்சி அம்மாவுடையதாகிவிட்டது. காலை ஏன் பக்கவாட்டில் தூக்க வேண்டும் என்று அவரே கேட்டார். அந்தத் தசைக்கு வலு இல்லாவிட்டால் நடக்கும்போது இடுப்பு சாயும் என்று விளக்கம் கிடைத்தது. ஏன் குனியக் கூடாது? புதுப் பந்து குழியிலிருந்து நழுவலாம். காரணம் புரிந்த பிறகு நான் அதட்ட வேண்டியிருக்கவில்லை. எத்தனை முறை செய்தார் என்பதைத் தினசரி காலண்டர் தாளில் கோடு போட்டு வைத்தார்.

இரண்டு கையும் வாக்கரில் இருந்தால் தண்ணீர் பாட்டிலை எப்படி எடுத்துப்போவது? ஏதோ கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பையை வாக்கரின் முன்கம்பியில் நாடா வைத்துக் கட்டிக்கொண்டார். பாட்டில், போன், மூக்குக் கண்ணாடி எல்லாம் அதில். எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். நின்ற நிலையிலிருந்து விழுந்தே இடுப்புப் பக்கம் தொடை எலும்பு உடைந்தால், எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ரிவ்யூவில் நாங்களாகக் கேட்ட பிறகுதான் எலும்பு அடர்த்திப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். அடர்த்திக் குறைவுக்கு இப்போது மருந்து ஓடுகிறது. கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. வலது காலில் ஆபரேஷன் என்பதால் தடி இடது கையில். பொங்கல் முடிந்த வாரம் படி இறங்கினோம். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். நான் ஒரு படி கீழே, கையை நீட்டியபடி. முளைக்கீரைத் தண்டை நகத்தால் கிள்ளிப் பார்த்து ஒரு கட்டு எடுத்தார் அம்மா.

திரும்பும்போது ஒன்பதாவது படியில் மூச்சு வாங்க நின்றார். "பிடிச்சுக்கட்டுமாம்மா?"

"இரு. நல்ல கால் எது, இதானே?" என்று இடது காலை எடுத்து வைத்தார்.