வௌவால் எச்சமும் ஒரு லத்தீன் விகுதியும்

மரத்தடியில் தார்ப்பாய் விரிப்பதில்தான் என் பிஎச்.டி. தொடங்கியது. ஊர்க்கோடியில் ஒரு பழைய ஆலமரம், கிளையெல்லாம் பழந்தின்னி வௌவால்கள். அவை மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி வைப்பதில்லை. விடியற்காலை இரை தின்று திரும்பும் நேரத்தில் பாயில் விழுகிற எச்சத்தை, அதில் வாழும் பாக்டீரியாக்களைத் தேடி, நிபா வைரஸ் பயத்தால் முகக்கவசமும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு, குழாய்களில் சேகரிப்பேன். வேடிக்கை பார்த்த ஒரு பெரியவர், "ஏம்மா, இதப் பொறுக்கவா இவ்வளவு படிச்ச?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பதினேழாவது குழாயிலிருந்து, பாக்டீரியா வளர்க்கும் அகார் பிளேட்டில் வெளிர் மஞ்சளாக ஒரு காலனி, அதாவது பாக்டீரியாக் கூட்டம், வந்தது. கடுகைவிடச் சிறியது. அதற்கு 'வி 17' என்று பெயரிட்டு, கலப்பில்லாமல் பிரித்தெடுக்க ஐந்து முறை ஸ்ட்ரீக் செய்தேன், அதாவது புதுத் தட்டில் கோடுகோடாக இழுத்து மறுபடி வளர்த்தேன். அடுத்து, எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கக் கடையில் கிடைக்கும் அடையாளப் பட்டை. சின்னச் சின்னக் குழிகளில் பாக்டீரியாக் கரைசலை விட்டு மறுநாள் நிறமாற்றத்தைப் பார்த்து எண்ணாக்கினால், மென்பொருள் பெயரைச் சொல்லிவிடும். கோரினிபாக்டீரியம் என்ற பாக்டீரியாப் பேரினத்தில் ஏற்கெனவே தெரிந்த ஒரு சிற்றினத்தின் பெயரைத்தான் சொன்னது, அதுவும் அடித்துச் சொன்னது. நானும் நம்பி நோட்டில் எழுதி மூடிவிட்டேன்.

என் ஆய்வு வழிகாட்டியான மேடம்தான் விடவில்லை. அந்தப் பட்டை, தன் பட்டியலில் இருப்பவற்றில் எது கிட்ட வருகிறதோ அதைத்தான் சொல்லும். 'தெரியாது' என்று சொல்ல அதற்கு லேசில் மனசு வராது. செக் நாட்டின் தெற்கு மொராவியாவில் வயல் எலிகளிடமிருந்து எடுத்த ஒரு கிருமியை இப்படிப்பட்ட சோதனைகள் முதலில் ஓக்ரோபாக்ட்ரம் என்ற வேறொரு பேரினமாகத்தான் காட்டின. அது 2008-இல் புருசெல்லா மைக்ரோட்டி என்ற புதிய சிற்றினமாக அறிவிக்கப்பட்டது. புருசெல்லா, ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கே தொற்றக்கூடிய பேரினம். இதைச் சொல்லிவிட்டு, "சீக்வென்ஸ் பண்ணாம பேர் எழுதாத" என்றார் மேடம்.

சரி என்று, பாக்டீரியாக்களை இனங்காணப் பயன்படும் 16எஸ் மரபணுவை சீக்வென்ஸ் செய்ய, அதாவது அதன் எழுத்து வரிசையைப் படிக்க, அனுப்பினோம். சுமார் 1,500 எழுத்துகள் கொண்ட அதை மற்ற இனங்களோடு ஒப்பிட்டு, ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால் புதிய சிற்றினமாக இருக்கலாம் என்று பார்ப்பார்கள். எங்களுக்கு 97.8 வந்தது. லேபில் சமோசா வாங்கினோம். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம், அது வெறும் நுழைவுச்சீட்டுதான். அப்புறம் முழு ஜீனோம், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பு, அதில் ஏஎன்ஐ என்ற ஒப்பீட்டுக் கணக்கு. இரண்டு ஜீனோம்களின் சராசரி ஒற்றுமை 95-96 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் வேறு சிற்றினம். அதிலும் தேறியது. கொழுப்பமிலம், செல்சுவர் சோதனைகளுக்கு நெருங்கிய உறவுக்கார இனத்தையும் வரவழைத்து, ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பநிலையில், பக்கத்தில் வைத்து வளர்க்க வேண்டும். சலிப்பான வேலை, நான்கு மாதம் ஓடியது.

உண்மையில் என்னை அழ வைத்தது அறிவியல் இல்லை, பார்சல். புதிய சிற்றினத்தின் பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் வைத்து, யார் கேட்டாலும் கிடைக்கும் என்ற சான்றிதழும் வாங்கினால்தான் பெயர் செல்லும். உள்நாட்டு வேலை சுலபமாக முடிந்தது. வெளிநாட்டுக்கு அனுப்ப 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி தாள்களைச் சேர்ப்பதிலேயே மாதங்கள் போயின. கடைசியில் பெட்டி போய்ச் சேர்ந்தது, உள்ளே இருந்தது வளரவில்லை. மைனஸ் 80 ஃப்ரீசரிலிருந்து மறுபடி எழுப்பி, உறைய வைத்து உலர்த்தி, ஆம்பியூல் என்ற மூடிய கண்ணாடிக் குப்பியில் அனுப்பிய பிறகுதான் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது.

இடையில், ஒரே ஒரு மாதிரியை வைத்துச் சிற்றினம் சொன்னால் கேள்வி வரும் என்று மேடம் மறுபடி மரத்தடிக்கு அனுப்பினார். அதே பெரியவர். இந்த முறை பாயின் ஒரு முனையைப் பிடித்து விரித்துக் கொடுத்தார். இரண்டாவது மாதிரியும் கிடைத்தது.

பெயர் வைக்கும்போது ஊர்ப்பெயரோடு, 'அந்த ஊரைச் சேர்ந்தது' என்று பொருள் தரும் 'என்சிஸ்' விகுதியைச் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். லத்தீன் பார்த்துச் சொன்னவர் சிவப்பு மையில் அடித்துத் திருப்பினார். பேரினப் பெயரின் முடிவில் வரும் 'பாக்டீரியம்' லத்தீனில் அஃறிணைச் சொல்லாம், அதனால் 'என்சே' என்றுதான் வர வேண்டுமாம். பள்ளியில் திணை, பால் படித்து மதிப்பெண் வாங்கியவள் நான், இங்கே ஒரு விகுதியில் கோட்டை விட்டேன்.

கட்டுரை இப்போது மதிப்பாய்வில் இருக்கிறது. அச்சில் வரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் அது வெறும் 'வி 17' தான்.