எட்டாவது வால்வு

மே 5, திங்கள்
27-ஆம் தேதி அம்பாசடருக்கு எஃப்.சி., வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கிற சோதனை. இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

டாப்பெட் பார்த்தாயிற்று, அதாவது வால்வுக்கும் அதைத் தட்டுகிற ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஹேண்டில் போட்டுச் சுற்றினால் விரலுக்குக்கூட வலிக்காது. முன்னாலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், புகை வெளியே போகிற வால்வு. 2, 3, 6, 7 இன்டேக், பெட்ரோலும் காற்றும் உள்ளே வருகிறவை. கணக்கு ஒன்பது: எட்டாவது வால்வு முழுசாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதை அளக்கணும். ஏழு திறந்திருந்தால் இரண்டு. ஆறுக்கு மூன்று. கூட்டினால் ஒன்பது வரணும், அவ்வளவுதான்.

எல்லாம் 15 தௌ இருக்க வேண்டும். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏழு வால்வு 14, 15 என்று வந்தது. எட்டாவது 11.

டேஷ்போர்டு நோட்டில், இதுவரை வண்டியை ஓட்டிய அவர் கையெழுத்தில் கடைசி வரி: '8 - 15'. பக்கத்தில் ஒரு டிக்.

15 வைத்து லாக் நட்டை இறுக்கினேன். இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் விடக் கூடாது.

மே 6, செவ்வாய்
வால்வு கவரின் கார்க் கேஸ்கெட்டை அழுத்தி இறுக்கினால் பிதுங்கி அங்கேயே ஒழுகும். நட் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று போதும்.

மே 8, வியாழன்
கம்ப்ரெஷன் பார்த்தேன், நாலு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று. எஞ்சின் சூடு, பிளக் நாலும் வெளியே, ஆக்ஸிலரேட்டர் முழுசாக மிதித்து: 118, 116, 119, 104.

நாலாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி: 106. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் விட்டதும் நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை. அப்போது வால்வுதான். எட்டாவதுதான்.

இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட் தனிப் பாகம் இல்லை. ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்தில் அது சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து வால்வுக்கு மெத்தை மாதிரி இருந்தது. 2000-இல் இந்தியா முழுக்க ஈயம் போயிற்று. அதிலிருந்து வெறும் இரும்பில் வெறும் இரும்பு அடிக்கிறது. சீட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, வால்வு மேலே ஏறுகிறது, டாப்பெட் இடைவெளி குறைகிறது. இடைவெளி இல்லாமலே போனால் வால்வு சீட்டில் முழுசாக உட்காராது. தன் சூட்டைச் சீட்டுக்கு இறக்கிவைக்க முடியாமல் ஓரம் கருகிவிடும்.

அதனால் அம்பாசடரில் டாப்பெட் சத்தம் குறைந்தால் சந்தோஷப்படக் கூடாது. அந்த டிக் டிக் கேட்கிறவரை நிம்மதி.

மே 11, ஞாயிறு
டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருக்கிறது.

குறைந்திருந்தால் கவலையில்லை. இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது, கிராங்க் ஷாஃப்டில் வெட்டிய திருகுமறைதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. பிரீதர் குழாய் அடைத்தால் உள்ளே காற்றழுத்தம் கூடி அது தோற்றுவிடும், கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டும். கீழே ஒரு ரூபாய் அளவு கறை இந்த வண்டிக்கு இயல்பு. ஏறுவதுதான் இயல்பில்லை. குச்சியை மூக்கருகில் வைத்தேன். பெட்ரோல்.

பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு, கிழிந்திருக்கிறது. கேம் ஷாஃப்ட் ஆட்டுகிற பம்ப் இது. கிழிந்தால் பெட்ரோலுக்கு நேரே கீழே போகிற வழி ஆயில் சட்டிதான். இப்படி ஓட்டினால் ஆயில் தண்ணீராகி பேரிங்குகள் போய்விடும். 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் விரலில் வழுவழுப்பே இல்லாமல் ஓடுகிறது.

பழைய டயஃப்ரம், பழைய ஹோஸ் எல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ரப்பர் இல்லை. சிலது ஊதும், சிலது இறுகி வெடிக்கும். ஹோஸை மடக்கிப் பார்த்தேன், வளைவில் மயிரிழை மாதிரி விரிசல்கள். மொத்தமும் மாற்றணும். மேலே ஜே30ஆர்9 என்று அச்சடித்திருக்கிற ஹோஸ்தான் வாங்க வேண்டும். சாதாரண கறுப்பு ரப்பர் குழாய் கூடாது.

அதுவரை வண்டியை எடுக்கக் கூடாது. பதினாறு நாள்.

மே 12, திங்கள்
பம்ப் கிட் வரவில்லை.

மே 14, புதன்
பம்ப் கிட் வரவில்லை.

தள்ளி நிழலில் விடப் போனபோது கை கியர் சிக்கிக்கொண்டது. ஸ்டியரிங் கீழே இருக்கிற ராடுகளின் புஷ், மூட்டில் இருக்கிற வளையம், தேய்ந்துவிட்டால், ஒரு கியரிலிருந்து முழுசாக வெளியே வராமலே லீவர் இன்னொன்றைப் பிடித்துவிடும். லீவரை முறுக்கிப் பலம் காட்டினால் ராடுதான் வளையும். பானெட்டைத் திறந்து, கீழே இரண்டு ராடும் கோத்திருக்கிற கைகளைக் கையாலேயே தள்ளி ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்தால் நியூட்ரல். பத்து வினாடி வேலை. புஷ் மாற்றுகிறவரை ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்திப் போட வேண்டும். அவர் அப்படித்தான் போடுவார்.

மே 17, சனி
கிட் வந்தது!

பம்பைப் பிரிக்கும் முன் மேல் பாதி, கீழ் பாதி இரண்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு கீறிவைக்கணும். இல்லாவிட்டால் குழாய் வேறு பக்கம் பார்க்கும். புது டயஃப்ரமை மாட்டி ஆறு ஸ்க்ரூவையும் விரலளவில் விட்டு, லீவரைக் கடைசிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரெதிராக இறுக்கினேன். லீவரைப் பிடிக்காமல் இறுக்கினால் டயஃப்ரம் விறைப்பாக உட்கார்ந்து, முதல் முழு வீச்சிலேயே இழுபட்டுக் கிழியும். போன தடவை யாரோ அப்படித்தான் செய்திருக்க வேண்டும், ஸ்க்ரூ துளைகள் நீளமாக இழுத்திருந்தன.

கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் துருத்தூள். டாங்கிலிருந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நின்ற வண்டியில் அந்தத் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். கழுவி மாட்டினேன். ஆயில், ஃபில்டர் புதுசு.

மே 18, ஞாயிறு
எட்டாவது: 15. ஓட்டமே இல்லையே, எப்படிக் குறையும். பார்த்தால்தான் தூக்கம் வருகிறது.

மே 20, செவ்வாய்
கத்திரி வெயில். நாற்பது கிலோமீட்டர் ஓடி, நிறுத்தி, கால் மணி கழித்து எடுத்தால் பிடிக்கவில்லை. பம்ப் இருப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே. ஓடும்போது காற்றும் வந்துபோகிற பெட்ரோலும் குளிர்விக்கும். நின்றதும் சூடு மொத்தமும் பம்பின் மேல் இறங்கி உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் இழுக்க முடியாது. ஈரத் துணியைப் பம்பின் மேல் போட்டு ஐந்து நிமிடம். சூடான மேனிஃபோல்டில் தண்ணீர் படக் கூடாது, விரிசல் விடும். நடுவில் ஒரு தகரத் தகடு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நாளை வெட்டணும்.

முன் சீட்டின் ஸ்பிரிங் ஒன்று தொய்ந்திருந்தது, கோணியைத் திணித்துச் சரிசெய்தேன். ஒரே நீளச் சீட், நடுவில் கியர் லீவர் தடுக்காது, உயரமும் நாற்காலி உயரம். முழங்கால் மடக்க முடியாதவர் முதலில் உட்கார்ந்து பிறகு காலை எடுத்து வைக்கலாம். வேறு எந்த வண்டியில் இதைச் செய்ய முடியும்?

மே 23, வெள்ளி
பிரேக் அட்ஜஸ்ட் நாலு சக்கரமும். சக்கரம் இறுகும்வரை திருப்பி, உரசாமல் சுற்றும்வரை மட்டும் தளர்த்த வேண்டும். கால் டிம்மர் ஸ்விட்ச் துருப்பிடித்து ஹை பீமிலேயே நின்றுவிட்டது. மிதியடிக்குக் கீழ் ஈரம் தங்கி அங்கேதான் இறங்குகிறது. கழற்றி எமரித் தாள் போட்டேன். சேஸிஸ் எண் மேல் பெயின்டைச் சுரண்டி, தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். எல்லா எழுத்தும் விழுகிறது.

மே 24, சனி
புகைச் சோதனை. இந்த வயது பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம்.முக்குள் இருக்கணும். முதலில் 3.6. மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக உள்ளே விட்டு, ஐடில் தடுமாறும் இடத்திலிருந்து கொஞ்சம் வெளியே: 2.4. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சோக் முழுசாக உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழாயை விடச் சொல்ல வேண்டும்.

மே 26, திங்கள்
எட்டாவது: 14.

நூற்றெண்பது கிலோமீட்டரில் ஒரு தௌ. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஐந்து, ஆறு. அப்படியென்றால் மூவாயிரத்துக்குள் இடைவெளியே இருக்காது.

இல்லை, ராக்கரின் முனையில் வால்வுத் தண்டு தட்டித் தட்டிக் குழி விழுந்திருந்தால் இடைவெளி அளக்கிற அகலமான ஃபீலர் தகடு குழியின் இரண்டு கரையிலும் தங்கும், குழியின் ஆழம் கணக்கில் வராது. அப்போது உண்மையான இடைவெளி அளவு காட்டுவதைவிட அதிகம். ஒரு பழைய தகட்டைக் குழிக்குள் போகிற அகலத்துக்கு வெட்டி மறுபடி அளந்தேன்.

14.

ஹெட்டை இறக்கி நாலு எக்ஸாஸ்ட்டுக்கும் கடினப்படுத்திய சீட் வளையம் இறக்கணும், லேத்தில் அரை தௌ பிசகாமல் வெட்டுகிற கை வேண்டும். எட்டாவதுக்கு மட்டும் போட்டால் போதாது, நாலும் ஒரே பெட்ரோலைத்தான் குடிக்கின்றன. நாளைக்கு முன் முடியாது. 15 வைத்து மூடினேன். நோட்டில் அவர் வரிக்குக் கீழே எழுதினேன். டிக் போடவில்லை.

மே 27, செவ்வாய்
காலை 5:50. சோக் முழுசாக இழுத்து, பம்பின் கை லீவரை ஏழெட்டுத் தடவை அடித்து, இரண்டாவது சுற்றில் பிடித்தது. டிக் டிக் கேட்கிறது. அவரை முன் சீட்டில் உட்காரவைத்தாயிற்று. திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் எட்டாவது பார்க்கணும்.