'வே டவுன் ஈஸ்ட்' பிரதி வாங்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்க இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்தின் மௌனப் படம் 'வே டவுன் ஈஸ்ட்' (1920). அதன் 16 மி.மீ. பிலிம் பிரதி விலைக்கு வந்தால் முதலில் டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் பிலிமின் அடித்தளமான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது; பக்கத்திலிருக்கும் பிலிம்களையும் கெடுக்கும். ஓரத்தில் கோடாக் பொறித்த வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் பிலிம் சுருள் தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். விற்பவர் பழைய ஆண்டைத்தான் சொல்வார்!

பின்னால் ஒலித்தடம் சேர்த்த பிரதியில், அந்தத் தடத்துக்கு இடம் விட்டுப் படத்தின் ஒரு ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம், கவனம்.

போலித் திருமணத்தில் ஏமாந்த நாயகி அன்னாவை ஊர்ப்பேச்சைக் கேட்டுப் பனிப்புயலில் துரத்தும் காட்சி முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பனிப்பாளம் மிதக்கும் ஆற்றுக் காட்சிக்குத்தான் பலரும் காசு கொடுக்கிறார்கள். அன்னாவாக நடித்த லிலியன் கிஷ், சாகக் கிடக்கும் குழந்தைக்குத் தானே ஞானஸ்நானம் கொடுக்கும் இடம் அதைவிடப் பெரிது.