இளங்கொடி விழாத மாடு மறுபடி சினை பிடித்த கதை

மாடு கன்று போட்டதும் அக்கம்பக்கத்தில் கேட்பது ஒரே கேள்விதான்: "கெடாரியா, காளையா?" நான் இப்போதெல்லாம் இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, எப்போது விழுந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். எங்கள் மூணாம் ஈத்து ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடுதான் அப்படிக் கேட்க வைத்தது.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்துக் கட்டுத்தரை எங்களுடையது. கன்று பெரிய காளைக்கன்று, இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சாதாரணமாக எட்டு மணி நேரத்துக்குள் இளங்கொடி விழுந்துவிடும். பன்னிரண்டு மணி தாண்டினால் தங்கிவிட்டது என்றுதான் கணக்கு. எங்கள் மாட்டுக்கு மறுநாள் காலையிலும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, "பழஞ்செருப்பு ஒண்ணைக் கட்டி வுடு கண்ணு, பாரத்துக்கு விழுந்துரும்" என்றார். கையை விட்டு எடுக்கிற ஆள் இருக்கிறார், கூட்டி வரவா என்றும் கேட்டார்.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா இரண்டும் வேண்டாம் என்றுவிட்டார். "பிச்சு எடுத்தா உள்ளே காயம்தாங்கக்கா ஆகும். காயத்துல கிருமி ஏறும்." கருப்பைச் சுவரில் பொத்தான் பொத்தானாக எழுபது, நூறு இடத்தில் இந்தக் கொடி ஒட்டியிருக்குமாம். இழுத்தால் கொடி கொஞ்சம் வரும், மீதி உள்ளேயே கிழிந்து நிற்கும். விட்டுவிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் அழுகி அதுவே விழும். சாணியில் புரளாமல் இருக்க, தொங்கியதை மட்டும் வெட்டிவிட்டார். எனக்குச் சொன்னது ஒரே வேலை: காலையும் மாலையும் காய்ச்சல் பார்ப்பது.

தெர்மாமீட்டரின் முனையில் ஒரு நூல் கட்டி, நூலை வால் மயிரில் முடிந்துகொண்டேன், உள்ளே போய்விட்டால் தேட முடியாது பாருங்கள். மாட்டுக்கு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் சகஜம். 103-ஐத் தாண்டினால் உடனே போன் பண்ணச் சொன்னார். கன்று போட்ட முதல் பத்து நாள்தான் ஆபத்தான காலம். சில நாளிலேயே 104-ஐத் தொட்டது. அன்று காலை தாழியில் போட்ட பருத்திக்கொட்டையை மோந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் செம்பழுப்பு நிறத்தில் தண்ணியாக வழிந்தது. நாற்றம் கட்டுத்தரைக்கு நாலு அடி முன்னாலேயே அடித்தது. கன்று போட்ட பிறகு இரண்டு வாரத்துக்கு ரத்தம் கலந்த கழிவு வருவது சகஜம்தான். நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால்தான் அது கருப்பைப் புண்.

ஆன்டிபயாடிக் ஊசி, காய்ச்சலுக்கு ஊசி, கால்சியம். இரண்டாவது ஊசியிலேயே மாடு தெளிந்து தீவனம் தின்ன ஆரம்பித்தது. "போதும், நிறுத்திக்கலாமே" என்று வீட்டில் பேச்சு வந்தது. மருந்தை முழுசாகப் போட்டே முடித்தோம். டாக்டரம்மா சொன்ன கெடு முடியும் வரை பால் சொசைட்டிக்குப் போகவில்லை. கறந்து கொட்டுவது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்தப் பாலைக் குடிப்பது யார் வீட்டுக் குழந்தையோ. கொடி துண்டு துண்டாக விழுந்ததைக் கையுறை போட்டு எடுத்து, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினால் பால் பெருகும் என்பார்கள். கருச்சிதைவு நோயான புரூசெல்லா இருந்தால் அது மனுசனுக்கும் வரும், அதனால் நான் கட்ட விடவில்லை. ரத்தமும் எடுத்துப் பரிசோதித்தார்கள், நோய் இல்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். மூன்று வாரம் கழிந்தும் மாடு படுத்து எழுந்த இடத்தில் வெள்ளையாகச் சலம், அதாவது சீழ், கிடந்தது. காய்ச்சல் இல்லை, பாலும் குறையவில்லை. இப்படி இருக்கிற மாட்டை யாரும் கவனிப்பதில்லை, அப்புறம் நாலு தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டு நிற்கவில்லை என்று சந்தைக்கு ஓட்டுகிறார்கள். டாக்டரம்மா ஆசனவாய் வழியாகக் கை விட்டுப் பார்த்தார். சூல்பையில் முட்டை வெளியான இடத்தில் உண்டாகும் மஞ்சள் கட்டி இருக்கிறது, அது இருக்கும் வரை மாடு பருவத்துக்கு வராது, ஊசி போட்டுப் பருவத்துக்கு வரவைத்தால் கருப்பை தானே சுருங்கி அழுக்கைத் தள்ளும் என்று ஹார்மோன் ஊசி போட்டார். அந்த மருந்து தோலில் பட்டாலே உள்ளே இறங்கும், கர்ப்பிணிகள் புட்டியைத் தொடக்கூடாது என்பதால் மாசமாக இருந்த கொழுந்தன் மனைவியைக் கட்டுத்தரைப் பக்கமே வர விடவில்லை.

மூணு நாலு நாளில் மாடு கத்தியது, சலம் கட்டியாகக் கொட்டியது. அந்தப் பருவத்தில் சினை ஊசி போடவில்லை. மாமியாருக்கு அதில் வருத்தம், "இருபத்தொரு நாள் சும்மா போகுதே" என்று. அடுத்த பருவத்தில் கோழை கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. அதைக் கொஞ்சம் எடுத்து, காரக் கரைசல் சேர்த்துக் குழாயில் காய்ச்சிப் பார்த்தார்கள். மஞ்சளாக மாறினால் உள்ளே இன்னும் புண் என்று அர்த்தம். மாறவில்லை. அப்புறம்தான் சினை ஊசி.

அந்த ஊசியிலேயே நின்றது. மூணு மாசத்தில் கை விட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள். இப்போது பால் வற்றக்கட்டியிருக்கிறோம். தாது உப்பு தினமும் போகிறது. கொழுத்துவிடக் கூடாது என்று புண்ணாக்கை அளந்துதான் வைக்கிறேன். சின்னக் கன்று தரும் காளையின் விந்துதான் இந்தத் தடவை போட்டது.